லைட்ஹவுஸில் ஓர் இரவு: எந்தத் தீவு உங்களுக்குச் சரிவரும்?

தீவில் இருக்கும் ஒரு கலங்கரை விளக்கத்தில் தங்கவேண்டும் என்று தேட ஆரம்பிக்கிறவர்கள் சீக்கிரமே குழம்பிப்போகிறார்கள். படங்களில் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும்: பாறை, கோபுரம், சுற்றிலும் கடல், சாயங்கால வெளிச்சம். ஆனால் ஓர் இடத்துக்கு ஒரு வாரத்துக்கான அரிசி பருப்பைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். இன்னோர் இடத்தில் இரவுச் சாப்பாடு மேசைக்கே வந்துவிடும், குளிக்கத்தான் முடியாது. மற்றோர் இடத்தில் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் நின்றுவிடும். இது எதுவும் படத்தில் தெரியாது.

இந்தக் கட்டடங்கள் எப்படி வாடகைக்கு வந்தன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தானியங்கி ஆயின. காவலர்களும் அவர்கள் குடும்பங்களும் கிளம்பிப்போனார்கள், வீடுகள் பூட்டிக்கிடந்தன. உப்புக்காற்றில் பூட்டிக்கிடக்கும் வீடு வேகமாகக் கெட்டுப்போகும்: கூரை ஒழுகும், ஜன்னல் சட்டம் உளுத்துவிடும், இரும்பு உதிரும். இன்று பல இடங்களில் பழுதுபார்க்கும் செலவுக்கு உதவுவது விருந்தினர் கொடுக்கும் வாடகைதான். அதனால் இப்படி ஓர் இடத்துக்குப் பணம் கொடுப்பது வீண் ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. கொடுக்கும் பணம் உங்கள் உடம்புக்கும் நேரத்துக்கும் பொருந்துகிற இடத்துக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.

இங்கே நான்கு இடங்களை எடுத்துக்கொள்கிறேன். குரோஷியாவின் பலாக்ருஜா, இங்கிலாந்தின் லண்டி, ஸ்வீடனின் பாட்டர் நோஸ்டர், கலிஃபோர்னியாவின் ஈஸ்ட் பிரதர். கடைசியில், வாடகைக்குப் பதிலாக உழைப்பைக் கொடுத்துத் தங்கும் வழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

திரும்புகிற நாள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். காற்று எழுந்தால் படகு விடமாட்டார்கள். போகிற அன்று நின்றுபோனால் ஏமாற்றத்தோடு முடியும். திரும்புகிற அன்று நின்றுபோனால் விமானம் தவறும், விசா நாள் தாண்டும், லீவு தீரும். ஆகவே அறை எப்படி இருக்கும் என்று கேட்பதற்கு முன்னால், தீவை விட்டுக் கிளம்பிய பிறகு எத்தனை நாள் கையிருப்பில் வைக்கமுடியும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு நாள்கூட வைக்கமுடியாது என்றால் இந்தப் பட்டியலில் பாதி அடிபட்டுப்போகும்.

இறங்குதுறை. கலங்கரை விளக்கத்தைக் கட்டுவதே கப்பல் அண்டமுடியாத பாறைகளில்தான். அங்கே நீங்கள் ஏறிவந்த படகும் சுலபமாக அண்டாது. முழங்கால் வலி உள்ளவர், கைக்குழந்தையோடு வருபவர், கர்ப்பிணி ஆகியோர் துறை எப்படி, அங்கிருந்து கோபுரம்வரை ஏற்றம் எப்படி என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர், மின்சாரம். மூன்றும் கரையிலிருந்து வரவேண்டும், இல்லையென்றால் தீவிலேயே சேமிக்கவேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சமையலறை உள்ள இடமே பெரும்பாலும் நிம்மதி.

எவ்வளவு தனிமை? யாருமே இல்லாத இடம் என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது கொஞ்சம் அமைதி. இரண்டுக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

விளக்கு எரிகிறதா? சிலருக்குக் கோபுரத்துக்குள் இருந்தாலே போதும். சிலருக்கு இரவில் அந்த ஒளிக்கற்றை கடல்மேல் சுற்றுவதைப் பார்க்கவேண்டும். இரண்டாம் வகையினர் இதைக் கேட்காமல் பணம் கட்டக்கூடாது.

மொத்தச் செலவு. அறை வாடகையோடு படகுக் கட்டணம், முதல் நாளும் கடைசி நாளும் துறைமுக ஊரில் தங்கும் செலவு, மளிகை, பயணக் காப்பீடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் ஒப்பிடமுடியும். வாடகை குறைவான இடம் மொத்தத்தில் அதிகமாக முடிவது இந்த விஷயத்தில் சாதாரணம்.

## பலாக்ருஜா: நடுக்கடலில் ஒரு வாரம்

அட்ரியாட்டிக் கடலின் நடுவே, ஸ்பிளிட் நகரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பலாக்ருஜா. குரோஷியாவுக்குச் சொந்தமான தீவு என்றாலும் இத்தாலியக் கரைதான் அதற்கு ஸ்பிளிட்டைவிட அருகில். பெரிய தீவின் நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை, அகலம் சுமார் 300 மீட்டர். முதுகெலும்புபோல நீளும் பாறை முகட்டில், கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 90 மீட்டர் உயரத்தில், 1875-ல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் ஒளி 26 கடல்மைல் தூரம்வரை எட்டும். குரோஷியக் கடல்வழி விளக்குகளைப் பராமரிக்கும் அரசு நிறுவனமான ப்ளோவ்புட், காவலர் கட்டடத்தில் இரண்டு குடியிருப்புகளை வாடகைக்கு ஒதுக்கியிருக்கிறது. உங்களைத் தவிர அங்கே இருப்பவர்கள் பணியில் உள்ள காவலர்கள் மட்டுமே.

இந்தத் தீவின் கதை நீளமானது. புதிய கற்காலத்திலேயே இங்கே மனிதர்கள் வந்துபோயிருக்கிறார்கள். கிரேக்க வீரன் டையோமிடிஸின் பெயர் கீறப்பட்ட பானை ஓடுகள் இங்கே கிடைத்திருக்கின்றன. 1177-ல் போப் மூன்றாம் அலெக்சாண்டர் கப்பல்களோடு இங்கே இறங்கியிருக்கிறார். எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது வீஸ் தீவின் கோமிஜா ஊர் மீனவர்களின் கதை. மத்தி மீன் பிடிக்க அவர்கள் 'ஃபால்குஷா' என்ற படகில் பலாக்ருஜாவுக்கு வருவார்கள். பாதை 42 கடல்மைல். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு. தீவில் படகை இழுத்து ஏற்றக்கூடிய கூழாங்கல் கரை சின்னது, வருகிற எல்லாப் படகுக்கும் இடம் கிடையாது. அதனால் பயணமே பந்தயமாகிவிட்டது. முதலில் வந்தவருக்குக் கரை, பிந்தி வந்தவர் வேறு இடம் பார்க்கவேண்டியதுதான். இன்று நீங்கள் இறங்கி மூட்டையை வைக்கிற கரை அந்த மனிதர்கள் தோள்பட்டை நோக நோகத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்த கரை. இது தெரிந்துகொண்டு போனால் அந்தக் கூழாங்கற்களில் கால் வைப்பதே வேறு மாதிரி இருக்கும்.

இனி நடைமுறை விஷயம். இங்கே கடை இல்லை, உணவகம் இல்லை, மருத்துவர் இல்லை. வாரக் கணக்கில்தான் வாடகை, அந்த வாரத்துக்கான எல்லாமும் உங்களோடு படகில் வரவேண்டும். கரையிலிருந்து கோபுரத்துக்கு ஏறுகிற பாதை செங்குத்தானது. மரநிழல் இல்லாத தீவு என்பதால் ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் பகல் வேளை பெரும்பாலும் அந்தத் தடித்த கற்சுவர்களுக்கு உள்ளேயே கழியும். காலையிலும் மாலையிலும்தான் வெளியே நடமாட்டம்.

மறைந்திருக்கும் செலவு படகில் இருக்கிறது. வாடகைக்குள் அது அடங்காது. தனியாக ஏற்பாடு செய்யவேண்டிய பல மணிநேரப் பயணம் அது, இரண்டு பேர் போனாலும் படகுக்கு ஆகும் செலவு குறையாது. எட்டுப் பேர் கொண்ட கூட்டமாகப் போனால் தலைக்கு நியாயமான தொகை வரும். தம்பதியாகப் போனால் வாடகையைவிடப் படகு கனக்கும். அப்புறம் காற்று. தெற்கிலிருந்து வீசும் 'யூகோ' பிடித்துக்கொண்டால் திறந்த கடலில் அலை பெரிதாக எழும், சில நாள் நீடிக்கவும் செய்யும். எனவே ஒரு வாரத் தங்கலுக்குப் பின்னால் குறைந்தது இரண்டு நாளாவது கைவசம் வேண்டும். மளிகையையும் அந்த இரண்டு நாளைக்குச் சேர்த்தே வாங்குங்கள்.

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, யூரோவும் அன்றுதான் வந்தது. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் விசாவில் அச்சாகியிருக்கும் தங்கும் நாள்களின் எண்ணிக்கையைக் கவனிக்கவேண்டும். விண்ணப்பிக்கும்போதே இந்தக் கையிருப்பு நாள்களையும் பயணத் திட்டத்தில் காட்டிவிடுங்கள். இன்னொரு விஷயம், ஊரிலிருந்து பொடி, அப்பளம், புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம், நெய் கொண்டுபோகக்கூடாது. இறைச்சியும் பால்பொருள்களும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வருவதற்குத் தடை இருக்கிறது.

எப்போது இது சரி: சமைக்கத் தெரிந்த, ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளக்கூடிய நண்பர் கூட்டம், ஒரு வாரம் முழுதாகக் கையில் இருந்தால். எப்போது வேண்டாம்: இதய நோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, சின்னக் குழந்தை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வேண்டாம். அவசரம் என்றால் மருத்துவமனை பல மணிநேரக் கடல் தூரத்தில் இருக்கிறது.

## லண்டி: தனிமையும் உண்டு, ஆளும் உண்டு

இங்கிலாந்தின் டெவன் கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி, பிரிஸ்டல் கால்வாயின் வாயில் கிடக்கும் கருங்கல் தீவு லண்டி. நீளம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. 1969 முதல் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சொந்தம். பழைய கட்டடங்களை மீட்டு வாடகைக்கு விடும் லேண்ட்மார்க் டிரஸ்ட் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. 'ஓல்டு லைட்' என்ற பழைய கலங்கரை விளக்கத்தின் காவலர் குடியிருப்பில் மேல்தளம் ஒன்று, கீழ்தளம் ஒன்று என இரண்டு வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

இந்த விளக்கு தோற்றுப்போன விளக்கு. அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். 1819-ல் தீவின் உச்சியில் கட்டினார்கள். அந்தக் காலத்தில் பிரிட்டனிலேயே மிக உயரத்தில் எரிந்த விளக்கு இதுதான், அந்த உயரமே அதற்கு வினையாகிவிட்டது. தீவின் தலையில் மூடுபனி கவிந்துகொள்ளும், கீழே கடல் தெளிவாக இருக்கும், கப்பல்காரருக்கோ விளக்கு தெரியாது. இன்னொரு கோளாறும் இருந்தது. மேலே சுழலும் விளக்கு, கீழே நிலையான விளக்கு என இரண்டு வைத்திருந்தார்கள். மேல்விளக்கு வேகமாகச் சுற்றியதால் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நிலையான ஒளியாகத் தெரிந்தது. 1828 நவம்பரில் மார்ட்டினிக்கிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுக் கப்பல் இதை பிரிட்டனி கரையின் உஷாந்த் விளக்கு என்று நினைத்து வந்து மோதியது, பலர் இறந்தார்கள். 1861-ல் தீவின் மேற்கு முகத்தில் பீரங்கி வைத்து, மூடுபனி நாள்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுட்டுப் பார்த்தார்கள். கடைசியில் 1897-ல் வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் தாழ்வாக இரண்டு புதிய விளக்குகளைக் கட்டிவிட்டு, உச்சியில் இருந்ததை அணைத்தார்கள்.

ஆகவே இங்கே உங்கள் தலைக்குமேல் ஒளி சுற்றாது. ஆனால் கோபுரத்தின் படிகளில் ஏறி உச்சிக்குப் போகலாம். விளக்கு இருந்த கண்ணாடி அறையில் துணி நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் சுற்றிலும் கண்ணாடி, அதற்கு அப்பால் புல்வெளி, அதற்கு அப்பால் கடல். காற்று கண்ணாடியில் மோதும் சத்தம் கேட்கும், உடம்பில் படாது. ஒன்று, கோபுரம் தீவுக்கு வரும் எல்லோருக்கும் திறந்தது. படகு வரும் நாளில் பகல்நேரப் பயணிகள் ஏறிவருவார்கள். அவர்கள் படகேறியபின் சாயங்காலம் முழுக்க நீங்கள் மட்டும்தான்.

லண்டியில் மின்சாரம் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை நிறுத்தப்படும். படித்துக்கொண்டிருக்கும்போதே அறை இருட்டாகிவிடும். டார்ச் தலைமாட்டில் இல்லையென்றால் தண்ணீர்ச் செம்பைத் தேடித் தடவவேண்டியதுதான். மூச்சுத்திணறலுக்கு இரவில் இயந்திரம் வைத்துக்கொள்பவர்கள் பதிவு செய்யுமுன்பே இதைப் பேசிவிட வேண்டும். ஆனால் மேகமில்லாத இரவாக இருந்தால் வெளியே வாருங்கள். ஊர்ப் பக்கத்தில் நாம் தொலைத்துவிட்ட வானம் அங்கே அப்படியே இருக்கிறது. டி.வி., தொலைபேசி எதுவும் வீடுகளில் கிடையாது.

இவ்வளவு இருந்தும் இது ஆளில்லாத தீவு அல்ல. சுமார் முப்பது பேர் ஆண்டு முழுக்க வசிக்கிறார்கள். ஒரு கடை உண்டு, மாரிஸ்கோ டேவர்ன் என்ற உணவகம் உண்டு, தேவாலயம் உண்டு. அரிசி தீர்ந்துவிட்டால் நடந்து போய் ஏதாவது வாங்கிவரலாம். சமைக்க அலுத்தால் உணவகத்தில் உட்காரலாம். பலாக்ருஜாவில் இந்த வசதி கனவிலும் கிடையாது.

பறவைகளுக்காகவே போகிறவர்களும் இருக்கிறார்கள். கப்பல்களோடு வந்த எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று, பஃபின் பறவைகளை இருபதுக்கும் குறைவாக ஆக்கிவிட்டன. 2002-ல் தொடங்கி எலிகளை முற்றிலும் ஒழித்தார்கள். 2023 கணக்கெடுப்பில் பஃபின்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை அவற்றைப் பார்க்கலாம். ஆகஸ்டில் போனால் அவை கடலுக்குத் திரும்பியிருக்கும்.

போவது எப்படி? மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஓல்டன்பர்க் என்ற கப்பல் ஓடுகிறது. பயணம் சுமார் இரண்டு மணிநேரம். பிடஃபோர்டிலிருந்து கிளம்புமா இல்ஃப்ரகூமிலிருந்தா என்பது அன்றைய ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பொறுத்தது. குளிர்காலத்தில் ஹார்ட்லண்ட் முனையிலிருந்து ஹெலிகாப்டர். லண்டனிலிருந்து போகிறவர்கள் எக்ஸிட்டர் வழியாக பார்ன்ஸ்டபிள் வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் போகவேண்டும். அதே நாளில் கப்பலைப் பிடிப்பது நடக்காத காரியம், ஆகையால் முந்தின இரவு கரையில் தங்கும் செலவு கட்டாயம். கப்பலுக்கு அடிப்பாகம் ஆழம் குறைவு என்பதால் நன்றாக ஆட்டும். குமட்டலுக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடவேண்டும், வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. துறையிலிருந்து மேலே ஏறுவது மூச்சு வாங்கும் ஏற்றம். மூட்டைகளை ஊழியர்களே வண்டியில் கொண்டுபோய் வீட்டு வாசலில் வைத்துவிடுவார்கள். நாய்க்கு அனுமதி இல்லை.

எப்போது இது சரி: இப்படிப்பட்ட இடத்துக்கு முதன்முறையாகப் போகிறீர்கள், மூன்று நான்கு நாள் இருக்கிறது, பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் நான் யோசிக்காமல் லண்டியைச் சொல்வேன். எப்போது வேண்டாம்: எரியும் விளக்குதான் வேண்டும் என்றால்.

## பாட்டர் நோஸ்டர்: யாராவது பார்த்துக்கொள்ளவேண்டும் என்றால்

ஸ்வீடனின் மேற்குக் கரையில், மார்ஸ்ட்ராண்ட் ஊருக்கு வெளியே, ஹாம்னெஷேர் என்ற மொட்டைப் பாறைத் தீவு. 1868-ல் குஸ்டாஃப் ஃபோன் ஹைடன்ஸ்டாம் வடிவமைத்த இரும்புக் கோபுரம் அதில் நிற்கிறது. 1977-ல் விளக்கு அணைந்தது. துருப்பிடித்துப் பாழாகிக்கொண்டிருந்த கோபுரத்தை 2002-ல் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய்ச் சீர்செய்து 2007-ல் திரும்ப நிறுத்தினார்கள். காவலர் குடும்பங்கள் வாழ்ந்த வீடு 2020 முதல் ஒன்பது அறைகள் கொண்ட விடுதியாக இருக்கிறது. படகிலேயே அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, படகிலேயே கொண்டுவிடுகிறார்கள். கரை பக்கத்திலேயே இருப்பதால் வானிலையால் சிக்கிக்கொள்ளும் ஆபத்து மற்ற இரண்டையும்விடக் குறைவு.

விலை அதற்கேற்ப இருக்கும். ஆனால் படகும் உணவும் உள்ளடங்கிய தொகையை, பலாக்ருஜாவின் வெறும் வாடகையோடு ஒப்பிடுவது தவறு. நம் ஆட்களுக்கு இங்கே ஒரே சிக்கல் சாப்பாடு. அந்தக் கரையில் மீனும் இறாலும் நண்டும்தான் பெருமை. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், மீனும் சேர்த்து வேண்டாம் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே இரவு மிகச் சுருங்கிவிடும். இருட்டில் ஒளி சுற்றுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் செப்டம்பர் நல்லது.

எப்போது இது சரி: திருமண நாள், ஓய்வுபெற்ற பெற்றோரோடு போவது, நாளும் உழைப்பும் மிச்சப்படவேண்டும் என்ற நிலை.

## ஈஸ்ட் பிரதர்: ஒரே ஓர் இரவு

இது தொலைதூரத் தீவு அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடக்கே, ரிச்மண்ட் நகரத்துக்கு எதிரே, படகில் சுமார் பத்து நிமிட தூரம். இருந்தாலும் சேர்த்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு விடுமுறையில் மிஞ்சுவது ஒரு சனிக்கிழமைதான்.

1873-74-ல் மரத்தால் கட்டிய விக்டோரியா காலத்து வீடு, அதன் நெற்றியில் விளக்கு. 1969-ல் விளக்கு தானியங்கியானது. இடித்துவிட இருந்த கட்டடத்தை உள்ளூர் ஆர்வலர்கள் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கிக் காப்பாற்றி, 1980-ல் விடுதியாகத் திறந்தார்கள். ஐந்தே அறைகள். தீவில் குடியிருந்து விடுதியை நடத்துகிற இருவர் இரவுச் சாப்பாடும் காலை உணவும் சமைத்துப் போடுவார்கள், படகையும் அவர்களே ஓட்டுவார்கள்.

மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். முதலாவது ஏணி. ஆடும் படகிலிருந்து செங்குத்தான ஏணியைப் பிடித்து மேடைக்கு ஏறவேண்டும். ஓதம் தாழ்ந்திருந்தால் ஏணி நீளமாகத் தெரியும். படகு அலையில் மேலே எழும் நொடியில் காலை எடுத்துவைக்கவேண்டும், அது இறங்கும்போது தயங்கினால் கால் அந்தரத்தில் நிற்கும். இரண்டு கையும் காலியாக இருக்கவேண்டும், புடவையோ வேட்டியோ அன்றைக்கு வேண்டாம். இரண்டாவது தண்ணீர். தீவின் நன்னீர் மழையிலிருந்து சேமித்தது. ஓர் இரவு மட்டும் தங்குகிறவர்களுக்குக் குளியல் கிடையாது. காலையில் குளிக்காமல் ஒரு வாய் காப்பிகூட இறங்காது என்பவர்களுக்கு இது பெரிய விஷயம்தான். மூன்றாவது சத்தம். அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, கப்பல்களை எச்சரிக்கும் மூடுபனி ஊதி இரவும் பகலும் ஒலித்துக்கொண்டே இருக்கும். காதடைப்பான் கொடுப்பார்கள். லேசான தூக்கம் உள்ளவர்கள் கோடையில் போவதே மேல்.

இப்படிப்பட்ட இடங்கள் எவ்வளவு நுட்பமான நூலில் தொங்குகின்றன என்பதற்கும் ஈஸ்ட் பிரதரே சாட்சி. 2021-ல் கடலடி மின்கம்பி பழுதாகி விடுதியை மூடவேண்டி வந்தது. எங்கே பணம் கட்டுவதானாலும் இந்தப் பருவத்தில் திறந்திருக்கிறதா, திடீரென்று மூடினால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பலாக்ருஜா | லண்டி | பாட்டர் நோஸ்டர் | ஈஸ்ட் பிரதர் |
|---|---|---|---|---|
| தங்கும் காலம் | ஒரு வாரம் | மூன்று நாள் முதல் | ஓரிரு இரவு | ஓர் இரவு |
| சாப்பாடு | முழுக்க நீங்களே | நீங்களே, கடையும் உணவகமும் உண்டு | விடுதியில் | விடுதியில் |
| உடல் சிரமம் | நீண்ட படகு, செங்குத்து ஏற்றம் | ஆட்டும் கப்பல், ஏற்றம் | குறைவு | ஆடும் படகிலிருந்து ஏணி |
| விளக்கு | எரிகிறது | 1897-ல் அணைந்தது | 2007-ல் மீண்டது | எரிகிறது |
| பின்னால் வைக்கவேண்டிய நாள் | இரண்டு அல்லது அதற்கு மேல் | ஒன்று | அரை நாள் | கிட்டத்தட்ட தேவையில்லை |
| கவனத்துக்கு வராத செலவு | தனிப் படகு | முந்தின இரவு விடுதி, ரயில் | கணக்கில் சேர்ந்தே இருக்கும் | குளியலும் தூக்கமும் |

கடைசிக்கு முந்தின வரியில் உள்ள நாள்கள் என் சொந்தக் கணிப்பு. குளிர்காலத்தில் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

## வாடகைக்குப் பதில் வேலை

ஒரு வாரமோ அதற்கு மேலோ கையில் இருந்து, விருந்தாளியாக இருப்பதில் ஆர்வம் இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவின் நியூபோர்ட் அருகே ரோஸ் தீவில் 1870-ல் கட்டிய விளக்கு இருக்கிறது. பக்கத்தில் பெரிய பாலம் வந்ததும் அது தேவையில்லாமல் போனது. ஓர் அறக்கட்டளை அதை மீட்டு 1993-ல் மறுபடி ஏற்றியது. அங்கே ஒரு வாரம் காவலராக இருக்கலாம். வருகிறவர்களை வரவேற்பது, சின்னச் சின்னப் பராமரிப்பு வேலைகள், இவற்றோடு வாடகையும் நீங்களே கொடுப்பது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் கட்டடத்தின் உள்மூச்சைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. டாஸ்மேனியாவுக்குத் தெற்கே இருக்கும் மாட்ஸாய்க்கர் தீவில் 1891-ல் ஏற்றிய விளக்கு, ஆஸ்திரேலியாவின் தென்கோடிக் கலங்கரை விளக்கம். மாநிலப் பூங்காத் துறை அங்கே இரண்டு பேரைத் தன்னார்வக் காவலர்களாக ஆறு மாதம் தங்கவைக்கிறது. போவது ஹெலிகாப்டரில். சம்பளம் கிடையாது. புல் வெட்டுவது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது, வானிலையைக் குறித்து அனுப்புவது, இதுதான் வேலை. ஆண்டின் பெரும்பகுதி நாள்களில் மழை, ஓயாத காற்று. இதை விடுமுறையோடு ஒப்பிடவே கூடாது. கணவன் மனைவியாகப் போக நினைப்பவர்கள் முதலில் லண்டியின் குளிர்காலத்தில் ஒரு வாரம் ஒரே கூரையின்கீழ் இருந்து பார்க்கட்டும்.

## பதிவு செய்யும் வரிசை

பலர் முதலில் மலிவு விமானச் சீட்டைப் பிடித்துவிட்டு, அப்புறம் தீவைத் தேடுகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடவேண்டும். முதலில் படகு எந்தெந்தக் கிழமைகளில் ஓடுகிறது என்று பாருங்கள். அந்தக் கிழமைகளுக்கு அறை இருக்கிறதா என்று கேளுங்கள். கோடை மாதங்களுக்குப் பல மாதம் முன்பே கேட்கவேண்டியிருக்கும். பிறகு கையிருப்பு நாள்களையும் சேர்த்து விசா. அதன்பின் வானிலைத் தாமதத்தால் ஏற்படும் செலவை ஏற்றுக்கொள்ளும் பயணக் காப்பீடு. நிபந்தனைகளில் படகுப் பயணம் சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் படித்துப் பாருங்கள், பல காப்பீடுகள் விமானத் தாமதத்தோடு நின்றுவிடுகின்றன. விமானச் சீட்டு கடைசி. அதிலும் திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டாக, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது எடுத்துவிடுங்கள்.